மலிவும் மறைவும்: விளையாட்டுத் திறவுகோல் வாணிகத்தில் வாங்குவோன் அறம்

குறைந்த விலையிற் பண்டம் பெற விழைதல் மக்கட்கு இயல்பு. நான்கு கடை ஏறியிறங்கி விலை விசாரித்து வாங்குபவனை உலகம் சிக்கனமுடையான் என்று பாராட்டுமேயன்றிப் பழிக்காது. ஆயின், ஆக்கியோன் குறித்த விலையிற் பாதிக்கு ஒரு பண்டம் விலைப்படுமிடத்து, அக்குறைவு எங்கிருந்து வந்தது என்னும் வினா எழுதல் வேண்டும். விற்போன் தன் இலாபத்தைக் குறைத்துக்கொண்டானா, பண்டம் தேங்கிக் கிடந்ததா, வேறோர் ஊரில் மலிவாகக் கிடைத்ததா, அன்றிப் பிறர் பொருளைக் கவர்ந்து கொணர்ந்தானா என அவ்வினா பலவாறு விரியும். இவ்வினாவுக்கு வாங்குவோன் விடை காணவியலாதவாறு அமைந்த வாணிகம் ஒன்று இக்காலத்தில் இணையத்தின்கண் வளர்ந்துள்ளது. கணினி விளையாட்டுகளுக்குரிய திறவுகோல்களை, ஆக்கியோரின் அங்கீகாரம் பெறாத விற்பனையாளரிடம் தள்ளுபடி விலைக்கு வாங்குதலே அது. மாணவரும் இளைஞரும் பெரிதும் ஈடுபடும் இக்கொள்வினையில் வாங்குவோனுக்குரிய அறம் யாது என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் திறவுகோல் என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். அமெரிக்க நிறுவனமாகிய வால்வ், 2003 ஆம் ஆண்டு செத்தெம்பரில் ‘ஸ்டீம்’ என்னும் விநியோகத் தளத்தைத் தொடக்கியது. இன்று கணினி விளையாட்டுகளை விற்கும் தளங்களுள் அதுவே தலையாயது. ஆக்கியோர் தம் விளையாட்டை அத்தளத்தில் நேரே விற்குமிடத்து, விலையில் நூற்றுக்கு முப்பது பங்கு பொதுவாக வால்வுக்குச் சேரும். அன்றியும், எழுத்தும் எண்ணும் விரவிய குறித்தொடர்களை வால்விடமிருந்து இலவசமாகப் பெற்றுப் பிறவிடங்களில் விற்கவும் ஆக்கியோர்க்கு வழியுண்டு. அக்குறித்தொடரே திறவுகோல், இளைஞர் வழக்கில் ‘கீ’. அதனை வாங்கியவன் தன் ஸ்டீம் கணக்கில் ஒருமுறை இட்டால் விளையாட்டு அக்கணக்கிற் சேரும். திறவுகோலின் பயனும் அத்துடன் முடியும். இவ்விற்பனையில் வால்வ் பங்கெதுவும் கொள்வதில்லை. தம் சொந்தக் கடையில் விற்பதற்கும், அங்கீகாரம் பெற்ற பிற கடைகளுக்கு வழங்குவதற்கும், விமரிசகர்க்கு விலையின்றி அனுப்புதற்கும் ஆக்கியோர்க்கு இவ்வேற்பாடு பெரிதும் உதவுகின்றது.

இத்திறவுகோலின் இயல்பிலேயே சிக்கலின் வித்தும் உளது. நெல்லாயின் கையிலள்ளி மணம் பார்க்கலாம். பழைய புத்தகமாயின் முன்னர் உடையவன் இட்ட கையொப்பம் முதற்பக்கத்தில் இருத்தல் கூடும். திறவுகோலுக்கோ தோற்றமுமில்லை, தழும்புமில்லை. நேர்மையாகப் பெறப்பட்டதும் களவாற் பெறப்பட்டதும் ஒரே வகையான குறித்தொடர்களே. ஒன்றைப் பார்த்து அதன் வரலாற்றை அறிதல் எவர்க்கும் அரிது. இத்தகைய பொருளைப் பலரும் கொணர்ந்து விற்பதற்கு இடங்கொடுத்து, விற்பனைதோறும் தரகுபெறும் சந்தைகள் தோன்றின. 2010 இல் தொடங்கிய ஜி2ஏ, 2013 இல் தொடங்கிய கிங்குவின் என்பன அவற்றுட் பெயர் பெற்றவை. இவற்றை, ஆக்கியோரிடமிருந்தே திறவுகோல்களைப் பெற்று விற்கும் ஹம்பிள் போன்ற கடைகளோடு ஒன்றாக எண்ணுதல் பிழையாகும். முன்னையவை இடம் தருவன. பின்னையது பொருள் தருவது.

அச்சந்தைகளிலே விலை குறைதற்குரிய வழிகள் ஐந்தெனத் தொகுத்துக் கூறலாம். நாட்டுக்கு நாடு விலை வேறுபடுதலின், மலிவான நாட்டில் வாங்கி விலையுயர்ந்த நாட்டில் விற்றல் ஒன்று. பருவகாலத் தள்ளுபடியிலோ பல விளையாட்டுகளைத் தொகுத்து விற்கும் கட்டுகளிலோ வாங்கி வைத்து, விலை ஏறியபின் விற்றல் இரண்டாவது. பெட்டியோடு வந்த திறவுகோலையோ, கணினி உறுப்பொன்றை வாங்கியபோது இனாமாகக் கிடைத்த திறவுகோலையோ தனியே பிரித்து விற்றல் மூன்றாவது. விமரிசகர் எனவும் ஒளிபரப்பாளர் எனவும் பொய்கூறி ஆக்கியோரிடம் இலவசத் திறவுகோல் இரந்து பெற்று விற்றல் நான்காவது. களவாடிய கடனட்டை விவரங்களைக் கொண்டு திறவுகோல் வாங்கி விற்றல் ஐந்தாவது. முதல் மூன்றனுள் முறைகேடு சிறிதுமில்லாதனவும் உள. ஒப்பந்தத்தை மீறுவனவும் உள. நான்காவது வஞ்சனை. ஐந்தாவது தெளிந்த களவு. ஆயின் ஐந்தும் ஒரே பலகையில், ஒரே வடிவில், ஏறக்குறைய ஒரே விலையில் வைக்கப்படுகின்றன.

ஆங்கிலேயர் இவ்வகைச் சந்தையைச் ‘சாம்பற் சந்தை’ என்பர். வெண்மையும் கருமையும் அல்லாத இடைநிலையது என்பது அப்பெயரின் குறிப்பு. அப்பெயரே வாங்குவோன் மனத்தை மயக்குகின்றது எனலாம். ஒவ்வொரு திறவுகோலுக்கும் அறியத்தக்க வரலாறு ஒன்று உண்டு. அது நேரிய வழியில் வந்ததா, நேரல்லா வழியில் வந்ததா என்பது அதனைக் கொணர்ந்தவன் அறிந்ததே. கலந்து தோன்றுவது வாங்குவோன் கண்ணுக்கே. எனவே சாம்பல் என்பது பண்டத்தின் நிறமன்று, பார்வையின் மறைப்பு என்று கொள்ளுதலே பொருந்தும். மறைப்பு எவரால், எவர் நன்மைக்காக நிலைபெறுகின்றது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

கடனட்டைக் களவினால் ஆக்கியோர்க்கு நேரும் கேட்டைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். கள்வன் பிறனொருவனுடைய அட்டையால் ஆக்கியோரின் கடையிற் பல திறவுகோல்களை வாங்குகின்றான். உடனே சந்தையிற் பாதி விலைக்கு விற்றுப் பணம் பெற்று மறைகின்றான். அட்டைக்குரியவன் சில நாளோ சில கிழமையோ கழித்துத் தன் கணக்கைப் பார்த்து முறையிடுகின்றான். வங்கி அப்பணத்தை ஆக்கியோரிடமிருந்து மீட்டு அவனுக்குக் கொடுக்கின்றது. அதற்குமேல் ஒரு கட்டணத்தையும் ஆக்கியோர்மீது சுமத்துகின்றது. இங்ஙனம் பண்டமும் போய், விலையும் போய், தண்டமும் செலுத்தும் நிலை ஆக்கியோர்க்கு வருகின்றது. இத்தகைய மீட்பு மிகுமாயின், பணப்பரிமாற்ற நிறுவனம் அக்கடையோடு தொடர்பையே அறுத்துவிடும். திறவுகோலைச் செல்லாததாக்கினாலோ, அதனை அறியாது வாங்கிய இளைஞன் தன் பணத்தை இழந்து ஆக்கியோரையே வைகின்றான். செல்லாததாக்காது விட்டாலோ, களவுக்கு ஆக்கியோரே கூலி கொடுத்தவாறாகும்.

இவை வெறுங் கற்பனையல்ல என்பதற்கு நிகழ்ச்சிகள் சில சான்றாகும். 2015 சனவரியில் யூபிசொஃப்ட் நிறுவனம் ‘ஃபார் கிரை 4’ முதலிய விளையாட்டுகளின் திறவுகோல்கள் பலவற்றைச் செல்லாதனவாக்கியது. அவை மோசடியான கடனட்டைகளால் வேறொரு நிறுவனத்தின் இணையக் கடையில் வாங்கப்பட்டு, அங்கீகாரமற்ற சந்தைகள் வழியே பரவியவை என்பது அந்நிறுவனத்தின் கூற்று. பணங் கொடுத்து வாங்கியோரின் கூக்குரல் எழுந்தபின், ஏற்கெனவே விளையாடத் தொடங்கியோர்க்கு அவற்றை மீண்டும் வழங்கியது. 2016 யூனில் டைனிபில்ட் என்னும் சிறு வெளியீட்டாளர், தம் விளையாட்டுகளின் திறவுகோல்கள் ஜி2ஏ சந்தையில் ஏறக்குறைய 2,00,000 டொலருக்கு விற்கப்பட்டன எனவும், அவற்றின் கடைவிலை 4,50,000 டொலர் எனவும், அவற்றால் தமக்கு ஒரு காசும் கிடைத்திலது எனவும் முறையிட்டனர். ஜி2ஏ சந்தேகத்துக்குரிய திறவுகோல்களின் பட்டியலைக் கேட்டது; டைனிபில்ட் அதற்கு உடன்படவில்லை.

டைனிபில்டின் கணக்கினை அப்படியே ஏற்றல் திறனாய்வு முறைக்கு ஒவ்வாது. பாதி விலைக்கு வாங்கியோர் அனைவரும் முழு விலைக்கும் வாங்கியிருப்பர் என்று கொண்டாலன்றிக் கடைவிலை முழுவதையும் இழப்பாகக் காட்டல் இயலாது. அச்சந்தையில் விற்கப்பட்டன யாவும் களவால் வந்தன என்பதும் நிறுவப்பட்டிலது; கட்டுகளில் வாங்கி விற்கப்பட்டனவும் அவற்றுட் கலந்திருத்தல் கூடும். ஆயின், கணக்கு மிகையென்பதனால் குற்றமே இல்லையென்று துணிதலும் கூடாது. அதற்கு வூபே நிறுவனத்தின் செய்தி தக்க சான்று. செக் நாட்டைச் சேர்ந்த வூபே, ‘ஃபாக்டோரியோ’ என்னும் விளையாட்டை ஆக்கியது. 2019 யூலையில் ஜி2ஏ, களவுத் திறவுகோல்கள் தன் சந்தையில் விற்கப்பட்டன என்று நிறுவுவார்க்கு, வங்கி மீட்பால் அவர் இழந்த தொகையைப் போலப் பத்து மடங்கு தருவதாக அறைகூவிற்று. வூபே 321 திறவுகோல்களின் பட்டியலைக் கொடுத்தது. அவற்றுள் 198, 2016 மார்ச்சு முதல் யூன் வரையிலான காலத்தில் தன் சந்தையில் விலைப்பட்டன என்பதை ஜி2ஏ தன் விசாரணையிலேயே கண்டு, 2020 மேயில் 39,600 டொலர் கொடுத்தது. குற்றஞ் சாட்டியவர் வாய்மொழியாகவன்றிச் சந்தையின் ஒப்புதலாகவே வந்தமையின், இச்சான்று ஐயத்துக்கு இடமற்றது.

இந்நிகழ்ச்சியில் வாங்குவோன் கருதத்தக்க ஒன்றும் உண்டு. ஃபாக்டோரியோவைத் தள்ளுபடியில் விற்பதில்லை என்பது வூபேயின் வெளிப்படையான கொள்கை. எங்கும் ஒருபோதும் விலை குறையாத பண்டம் ஓரிடத்தில் மட்டும் குறைந்த விலைக்குக் கிடைக்குமாயின், அக்குறைவே ஒரு செய்தியாகும். அதனைப் படிக்க மறுப்பவன் அறியாமையைக் காரணமாகக் காட்டல் அரிது.

இனி, இவ்வாறு வாங்குவோர் தம் செயலுக்கு அரணாகக் கூறும் வாதங்களை எடுத்து நோக்கலாம். அவற்றுள் முதலாவது உடைமை பற்றியது. விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தை விரும்பியவாறு விற்க எவர்க்கும் உரிமையுண்டு. திறவுகோலுக்கு மட்டும் அவ்வுரிமை ஏன் மறுக்கப்படல் வேண்டும் என்பர். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 2012 யூலை 3 ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், யூஸ்ட்சொஃப்ட்டுக்கும் ஒரக்கிளுக்கும் இடையிலான வழக்கில், காலவரையறையின்றி விலைக்கு வழங்கப்பட்ட மென்பொருட்படியை, அது இணையவழி இறக்கப்பட்டதாயினும், வாங்கியவன் மறுவிற்பனை செய்யலாம் என்றும், தன்னிடமுள்ள படியை அவன் பயன்படாதவாறு செய்தல் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2019 செத்தெம்பரில் பரிசு நகர நீதிமன்றமும் ஸ்டீம் விளையாட்டுகளைப் பற்றிய வழக்கில் நுகர்வோர் சங்கத்தின் பக்கமே தீர்த்தது. ஆயின் 2022 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிற்று. விளையாட்டு வெறும் மென்பொருளன்று, ஓவியமும் இசையும் கதையும் கூடிய படைப்பு என்பது அதன் கருத்து. 2024 ஒக்டோபரில் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் அதனையே உறுதிசெய்தது.

சட்டம் இங்ஙனம் இருபாலும் அசைந்து நிற்க, அறநோக்கிற் கூறத்தக்கது ஒன்றுண்டு. அவ்வழக்கு கணக்கிற் சேர்த்து விளையாடிய பின்னர் விற்பது பற்றியது. பயன்படுத்தப்படாத திறவுகோல், கட்டுப் பிரிக்காத புத்தகத்தை ஒக்கும். அதனை நேர்வழியிற் பெற்றவன் மற்றொருவனுக்கு விற்பதில் ஆக்கியோன் ஒருமுறை விலைபெற்றே இருக்கின்றான். ஒரு திறவுகோலுக்கு ஒருவனே விளையாடுகின்றான். தொகுப்புக் கட்டினை வாங்குவோனிடம் மறுவிற்பனை செய்யாதிருக்குமாறு நிபந்தனை கூறப்பட்டிருப்பின், அதனை மீறுதல் சொற்பிழைத்தலாகுமேயன்றிக் களவாகாது. எனவே முதல் வாதம், நேரிய மறுவிற்பனையைக் காக்கும் அளவில் வலியுடையது. ஆயின் உடைமையை அடிப்படையாகக் கொண்ட அவ்வாதம், உடைமையில்லாதவன் விற்ற திறவுகோலுக்கு எவ்வாற்றானும் துணையாகாது. களவாடியவனுக்குப் பொருளில் உரிமையில்லை. அவனிடமில்லாத உரிமை வாங்கியவனுக்கு வருமாறுமில்லை.

இரண்டாவது வாதம் நாட்டு விலை பற்றியது. ஒரு நாட்டில் பத்து டொலருக்கு விற்பதை மற்றொரு நாட்டில் நாற்பதுக்கு விற்பது வெளியீட்டாளரின் பேராசை என்றும், மலிவான இடத்தில் வாங்குவது குற்றமன்று என்றும் கூறுவர். இதற்கும் ஓரளவு ஆதரவுண்டு. வால்வும் வெளியீட்டாளர் ஐவரும், போலந்து, செக், அங்கேரி, உருமேனியா முதலிய கிழக்கைரோப்பிய, பால்டிக் நாடுகளில் விற்ற திறவுகோல்கள் பிற ஐரோப்பிய நாடுகளில் இயங்காதவாறு தடுத்தனர் என்று கண்ட ஐரோப்பிய ஆணைக்குழு, 2021 சனவரியில் அவர்கள்மீது மொத்தம் 78 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. வால்வின் மேன்முறையீடு 2023 செத்தெம்பரில் தள்ளப்பட்டது. ஆதலின், விற்போன் இடும் எல்லைக்கோடு யாண்டும் அறத்தின் எல்லைக்கோடாகாது என்பது தெளிவு. எனினும், ஒரே சந்தையாக இணைந்த நாடுகளுக்குரிய அத்தீர்ப்பினை உலகம் முழுவதற்கும் விரித்தல் பொருந்தாது. வருவாய் குறைந்த நாட்டவரும் வாங்குமாறு ஒரு விலை குறைக்கப்படுகின்றது. அதனை வருவாய் மிகுந்த நாட்டவர் வாரிக் கொள்வாராயின், வெளியீட்டாளன் அக்கதவை அடைத்தற்குக் காரணம் பெறுகின்றான். அடைபடுங்கால் வருந்துவோர் வறிய நாட்டு இளைஞரே. செல்வர்க்கு ஏற்படும் சேமிப்பும் வறியோர்க்கு ஏற்படும் இழப்பும் ஒரு தராசில் வைத்து நோக்கற்பாலன.

மூன்றாவது வாதமே மிகவும் பரந்து வழங்குவதும் ஆழ்ந்து ஆராயத்தக்கதுமாம். “திருடியவன் வேறொருவன், வாங்கியவன் திருடவில்லை, வாங்குமுன்னரே திருட்டு நடந்து முடிந்தது, பின்னர் வாங்கியது முன்னர் நடந்ததற்கு எவ்வாறு காரணமாகும்?” என்பது அதன் வடிவம். இவ்வினா புதியதன்று. திருக்குறளிற் புலான் மறுத்தல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், தின்பதற்காக வாங்குவார் இல்லையாயின் விலைக்காக ஊன் கொணர்வாரும் இலராவர் என்னும் கருத்தை வைத்தார். அதற்கு உரைகண்ட பரிமேலழகர், பின்னர் நிகழும் தின்றல் முன்னர் நிகழ்ந்த கொலைக்குக் காரணமாகாது, ஆதலால் தின்பார்க்குப் பாவமில்லை என வாதிப்பானொருவனைக் கருதி, அருத்தாபத்தி என்னும் அளவையால் அது காரணமாதலை நிறுவுகின்றார். ஒன்று நிகழ்ந்தமைக்கு வேறு வகையால் அமைதி கூறவியலாதபோது, மற்றொன்றை உண்டென்று துணிதல் அருத்தாபத்தி. கொல்வோன் தன் உணவின் அளவுக்கு மேல் கொல்லுதலுக்கு வாங்குவோர் உளர் என்னும் எதிர்பார்ப்பையன்றிக் காரணம் இல்லை. திறவுகோற் கள்வனும் நூறு விளையாட்டுகளைத் தான் விளையாடுவதற்காகத் திருடுவானல்லன். நாளை வாங்குவோரை நம்பியே இன்று திருடுகின்றான். தனித்த ஒருவன் நேற்று நடந்த களவுக்குக் காரணமாகானாயினும், வாங்குவோர் கூட்டம் நாளை நடக்கும் களவுக்குக் காரணமாகின்றது. தனித்தவனும் அக்கூட்டத்துள் ஒருவனே.

இவ்வொப்புமைக்கு ஒரு தடை எழுப்பலாம். ஊன் அனைத்தும் கொலையால் வருவது. திறவுகோல் அனைத்தும் களவால் வருவதன்று. ஆதலின் ஊன் வாங்குவோனுக்குக் கொலை உறுதி. திறவுகோல் வாங்குவோனுக்குக் களவு ஐயமே. தடை வலியதே. நேர்வழியில் வந்த திறவுகோலும் அச்சந்தையில் உண்டென்பது முன்னர்க் காட்டப்பட்டது. ஆயின் ஐயம் என்பது பலவகைத்து. விசாரித்தும் தெளியாத ஐயம் வேறு. விசாரிக்க வழியிருந்தும் விசாரியாமையால் நிலைக்கும் ஐயம் வேறு. இன்னொரு வகையும் உண்டு. விசாரித்தால் மலிவு கைநழுவும் என்று அஞ்சி விரும்பிப் பேணும் ஐயம். அங்கீகாரக் கடை அருகிலேயே இருக்க, மூலம் மறைந்த சந்தையை நாடுவோனது ஐயம் பெரும்பாலும் இம்மூன்றாம் வகையைச் சாரும். அவன் தள்ளுபடியிற் பெறுவது விளையாட்டினை மட்டுமன்று. கேளாதிருக்கும் வசதியையும் உடன் பெறுகின்றான்.

சந்தையின் நடையும் இதனை மெய்ப்பிக்கின்றது. ஜி2ஏ ஒருகாலத்தில் ‘ஷீல்ட்’ என்னும் பாதுகாப்பினை வாங்குவோர்க்குத் தனிக்கட்டணத்துக்கு விற்றது. திறவுகோல் செல்லாததாயின் பணத்தை மீட்டுத் தருதல் அதன் நோக்கம். 2017 ஏப்பிரலில் கியர்பொக்ஸ் நிறுவனம், இப்பாதுகாப்பு இலவசமாதல் வேண்டும் என்பது முதலாகச் சில நிபந்தனைகளை விதித்து, அவை நிறைவேறாமையின் அச்சந்தையோடு தொடர்பை முறிக்க முற்பட்டது. தன்னிடம் விற்கப்படும் பண்டம் பழுதாகலாம் என்பதற்குத் தானே காப்புறுதி விற்கும் கடை, பண்டத்தின் மூலத்தைத் தான் அறியாமையை மறைமுகமாக உரைக்கின்றது. 2020 யூலை முதல் பதிவுசெய்த வணிகரே திறவுகோல் விற்கலாம் என ஜி2ஏ விதித்தமை திருத்தமே. ஆயினும் விற்போன் இன்னானெனச் சந்தை அறிதலும், திறவுகோல் எங்ஙனம் வந்ததென வாங்குவோன் அறிதலும் ஒன்றாகா.

எதிர்ப்பக்கத்தாரின் கூற்றும் ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று. 2019 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நோ மோர் ரொபோட்ஸ் என்னும் பிரித்தானிய வெளியீட்டு நிறுவனத்தின் மைக் ரோஸ், இச்சந்தைகளில் வாங்குவதைக் காட்டிலும் தம் விளையாட்டுகளைத் திருட்டுப்படியாகவே இறக்கிக்கொள்ளுமாறு வேண்டினார். தம் விளையாட்டுகளை இணையத்தில் தேடுவோர்க்குச் சந்தையின் விளம்பரமே மேலே தோன்றியமை அவரது சினத்துக்குக் காரணம். கணக்களவில் அவர் கூற்று மெய்யே. திருட்டுப்படியால் ஆக்கியோன் வருவாய் இழப்பினும், வங்கி மீட்பும் தண்டமும் அவனுக்கு இல்லை. இடைநின்றவனுக்கு ஊதியமும் இல்லை. கேடு எவ்வளவு என்று மட்டும் அளப்பார்க்கு அம்முடிவே ஏற்கும். ஆயின் அறம் கேட்டின் அளவோடு முடிவதன்று. அக்கூற்று, விலை கொடுக்க முன்வந்த இளைஞனை விலை கொடாமைக்குத் திருப்புகின்றது. நேரிய மறுவிற்பனையாளனையும் கள்வனையும் ஒரே கூட்டில் அடைக்கின்றது. இரு தவறுகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்க என்று கூறி மூன்றாம் வழியை மறைக்கின்றது.

அம்மூன்றாம் வழி காத்திருத்தலே. விளையாட்டு சோறன்று, மருந்துமன்று. இன்று இல்லையாயின் உயிருக்கு ஊறில்லை. ஸ்டீம் தளத்திலும் பிற அங்கீகாரக் கடைகளிலும் ஆண்டுதோறும் பருவத் தள்ளுபடிகள் வருகின்றன. ஹம்பிள் போன்றவை பல விளையாட்டுகளைச் சிறு தொகைக்கு ஒருங்கே தருகின்றன. 2015 யூன் முதல், வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியதைத் திருப்பிப் பணம் பெறவும் ஸ்டீம் இடமளிக்கின்றது. பொருள் குறைந்த மாணவனது விருப்பம் இரங்கத்தக்கதே. அவனைக் கள்வன் என்று இகழ்தல் அடாது. எனினும் வறுமையால் மன்னிக்கப்படும் தவறுகளுள் இன்றியமையாப் பொருளுக்காகச் செய்தனவே முன்னிற்கும். பொழுதுபோக்கை ஒரு மாதம் முந்திப் பெறுதல் அவ்வகையிற் சேராது.

பொறுப்பு வாங்குவோன் ஒருவன் தலையில் மட்டும் சுமத்தப்படுதலும் நடுவுநிலைமையாகாது. எத்திறவுகோல் எவருக்குக் கொடுக்கப்பட்டது என்று பதிவு வைத்திராத ஆக்கியோரும், தம்மைத் தாமே விமரிசகர் என்று அழைத்துக்கொண்டு மடல் எழுதினார்க்கெல்லாம் வாரி வழங்கினோரும் தம் கதவைத் திறந்துவைத்தவராவர். 2017 முதல், விமரிசகர்க்குத் திறவுகோலின்றியே ஸ்டீம் தளத்தினூடாக விளையாட்டை அனுப்ப வழியமைந்தமை இதற்கு ஒரு மருந்து. இலவசமாக வழங்கிய திறவுகோல்களின் விற்பனையைத் தடுக்கும் கருவியொன்றினை ஆக்குவதற்கு நூறு ஆக்கியோர் உடன்படல் வேண்டும் என்று 2019 இல் ஜி2ஏ கேட்டபோது, முன்வந்தோர் பத்தொன்பதின்மரே. களவைத் தடுக்கும் வேலையைக் களவாற் கெட்டவர் தலையிலேயே சந்தை வைத்தது என்று அவர் தரப்பில் வாதிக்கலாம். ஆயினும் அவ்வாய்ப்பினைச் சோதித்தும் பாராது விட்டமை அவர்தம் வழக்கின் வலியைக் குறைத்தது என்பதும் மறுக்கப்படாது.

தொகுத்து நோக்குமிடத்து, மலிவு தன்னளவில் குற்றமன்று. மறுவிற்பனையும் தன்னளவில் குற்றமன்று. வெளியீட்டாளன் விதித்த எல்லை யாவும் அறமாவதுமன்று. குற்றம் மறைவின்கண் தங்குகின்றது. வாணிகத்தைப் பற்றிய நெறியை வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்துள் வைத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. பிறர் பொருளையும் தன் பொருள்போற் பேணுதல் விற்போனுக்கு மட்டுமன்றி வாங்குவோனுக்கும் உரியதே. ஆதலின் திறவுகோல் வாங்க எண்ணுவோன், விற்போன் இதனை எவரிடமிருந்து பெற்றான் என்று கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு நேரிய விடை கிடைக்குமாயின், விலை எத்துணைக் குறைந்ததாயினும் அச்சமின்றி வாங்கலாம். விடை கிடையாதாயின் அங்கீகாரக் கடையின் அடுத்த தள்ளுபடிவரை பொறுத்திருத்தல் தக்கது. வினாவையே எழுப்பாது வாங்குவோன், விலையில் மிஞ்சிய பணத்தைத் தன் சிக்கனத்தால் ஈட்டியதாகக் கொள்ளுதல் பொருந்தாது. அதனைத் தனக்காகச் செலுத்தியோர் எவரென்பதை அவன் அறியாதிருக்கின்றான் என்பதே உண்மை.